துரு போகும்வரை

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், அப்படியே வாங்க. கண் ஆஸ்பத்திரி ஆளுதானே? குரலை வச்சே கண்டுபிடிச்சேன். போன முகாம்ல எனக்கு டார்ச் அடிச்சுப் பாத்தது நீங்கதான். ரெண்டு கண்ணும் முத்திப்போச்சு, இனிமேலும் தள்ளிப்போடாதீங்க பெரியவரேன்னு சொன்னீங்க. தள்ளிப்போடல தம்பி. இன்னைக்கே உங்க வண்டியில வர்றேன். பையெல்லாம் கட்டி வச்சாச்சு. அதுக்கு முன்னாடி நீங்க எனக்கு ஒரு காரியம் பண்ணணும்.

இந்தத் துப்பாக்கியைப் புடிங்க.

அட, எதுக்குப் பின்னாடி போறீங்க? தோட்டா கிடையாது. லைசென்சு துப்பாக்கிதான், திருட்டுத் துப்பாக்கி இல்ல. பின்பக்கம் போல்ட்டு கழட்டியாச்சு, இப்ப இது வெறும் குழாய். இதை வாசப்பக்கம் வெளிச்சத்துக்கு நீட்டிப் புடிச்சு, ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு, இந்த ஓட்டை வழியா உள்ள பாக்கணும். பாத்துட்டுச் சொல்லணும். இருங்க, இருங்க, இப்பப் பாக்காதீங்க. என்ன சொல்லணுங்கிறதை நான் முதல்ல சொல்லிர்றேன். உக்காருங்க. அந்த நாற்காலி கால் ஆடும், சுவத்துல சாய்ச்சுப் போட்டு உக்காருங்க.

கூட ஒரு ஆள் இல்லாம ஏத்த மாட்டோம்னு போன தடவை என்னை வண்டியிலிருந்து இறக்கி விட்டுட்டீங்கல்ல? உங்க மேல தப்பு இல்ல, உங்க ரூலு அது. பட்டாளத்துல இருந்தவனுக்கு ரூலு தெரியாதா? நான் ஹவில்தார் சன்னாசி. இந்த ஊத்துப்பாறையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கங்கிறது வேற. கூட வர ஒரு ஆள் இருக்கு தம்பி. பின்கட்டுல அடுப்புக்கிட்ட உக்காந்து சுடுதண்ணி போட்டுக்கிட்டிருக்கா பாருங்க, சிட்டம்மா, என் பொண்டாட்டி. அந்தத் தண்ணி எனக்குக் குளிக்கிறதுக்குன்னு நினைக்காதீங்க. இந்தக் குழலுக்குள்ள ஊத்துறதுக்கு.

அவ என் கூட வரணும்னா, இந்தக் குழல்ல துரு இல்லைன்னு ஒரு வெளியாளு பாத்து, வாயைத் திறந்து சொல்லணும். அம்புட்டுதான். நீங்க சொல்லிட்டா வண்டி கெளம்பிரும், எனக்குக் கண்ணு வந்துரும். என்னய்யா இது கூத்துன்னு நினைப்பீங்க. சொல்றேன். கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லணும், அவளுக்குப் பாம்புச் செவி.

இது நாட்டுத் துப்பாக்கி இல்ல தம்பி, ரைபிளு. நாட்டுத் துப்பாக்கிக்கு உள்ள வழவழன்னு இருக்கும். இதுக்கு உள்ள வரி வெட்டியிருக்கும், முறுக்கு முறுக்கா. அந்த வரிதான் தோட்டாவைச் சுழட்டி நேரா அனுப்பும். வரி கெட்டுச்சுன்னா பன்னியைக் குறி வச்சா பக்கத்துத் தென்னை மரத்துல போய் அடிக்கும். பட்டாளத்துல எங்க சுபேதாரு ஒருத்தர், மனுசன் மூஞ்சியைப் பாக்க மாட்டார், குழலுக்குள்ள பாத்துத்தான் இவன் யோக்கியனா இல்லையான்னு சொல்லுவார். நான் யோக்கியன். ஒரு தடவைகூட என் குழல்ல தூசின்னு பேச்சு வந்ததில்ல. ரிட்டையர் ஆகி வந்து, நிலக்கடலையைப் பன்னி நோண்டுதுன்னு மனு போட்டு, நாயா அலைஞ்சு வாங்குன லைசென்சு இது. சுகந்தி பொறந்தப்பகூட நான் அம்புட்டுச் சந்தோசப்படல. சுகந்தி என் மக.

எலக்சன் வந்தா துப்பாக்கியெல்லாம் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும், தெரியும்ல? ரிசல்ட்டு வந்தப்புறம் போய் வாங்கிக்கலாம். அங்க மூலையில மழைச்சாரல்ல கெடக்கும். அதனால ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி உள்ள வெளிய நல்லா எண்ணெய் போட்டு வைக்கிறது வழக்கம். அந்தத் தடவை துப்பாக்கி எண்ணெய் தீந்துபோச்சு. சரி, தேங்காய் எண்ணெய் போதும்னு அடுப்படியில போய்ப் பாட்டிலை எடுத்தேன். தாராளமா ஊத்தினேன். கொண்டு போய்க் குடுத்துட்டேன். அது என்ன எண்ணெய் தெரியுமா? அப்பளம் பொரிச்ச எண்ணெய்! உப்பு எண்ணெய்! தாளிக்கிறதுக்கு வேணும்னு வடிகட்டி ஊத்தி வச்சிருக்கா. திரும்ப வாங்கிட்டு வந்து பாக்குறேன், குழலுக்குள்ள செக்கச் செவேல்னு செம்மண்ணு அப்புன மாதிரி துரு.

எடுத்தது நான்தான், இல்லேங்கல. ஆனா வச்சது யாரு? அப்பள எண்ணெய்னா பாட்டில் மேல எழுதி ஒட்டி வைக்கணுமா வேணாமா? அவளுக்கு எழுதத் தெரியாது, சரி, ஒரு நூலைக் கட்டியாவது அடையாளம் வைக்கலாம்ல? அன்னைக்கு அவ கம்மாய்க்குத் துணி தொவைக்கப் போயிருந்தா. வீட்டுல இருந்திருந்தா நான் ஏன் அடுப்படிக்குள்ள போகப் போறேன்? அப்ப இந்தத் துரு யாரு போட்ட துரு? நீங்களே சொல்லுங்க. நான் அவளை அடிக்கல தம்பி. கல்யாணம் ஆன நாளா நான் கை நீட்டினது கெடையாது. வாயாலயே எல்லாம் முடிஞ்சுரும்.

அதே சமயத்துல இன்னொரு விசயம் நடந்துச்சு. இந்தச் சுகந்தி இருக்காளே, அவ திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவ, அங்கயே ஒரு வேன் டிரைவரைக் கட்டிக்கிட்டா. ஜெயசீலன்னு பேரு. தாய் தகப்பன் இல்லாத பய. நம்ம ஆளும் கெடையாது. கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. இந்தா, நீங்க வந்தீங்களே, அதே வாசல்தான். நான் இந்த ரைபிளை மடியில வச்சுத் தொடச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். ஏறெடுத்துப் பாக்கல. ஒரு வார்த்தை பேசல. அவங்களாப் போயிட்டாங்க. நான் விரட்டலையே!

அவ மாசமா இருக்கான்னு சேதி வந்துச்சு. தலைப்பிரசவம். முறைப்படி தாய் வீட்டுக்குத்தான் வரணும். வரட்டுமான்னு கேட்டா சிட்டம்மா. முடியாதுன்னேன். அப்ப நான் அங்க போறேன், அவளுக்கு மாமியாரும் இல்ல, ஒரு பத்தியச் சோறு ஆக்கிப்போட நாதி இல்லைன்னு அழுதா. அழுக ஆரம்பிச்சா இவ லேசுல நிப்பாட்ட மாட்டா. சோத்துல உப்புக் கரிக்கிற அளவுக்கு அழுதா. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நல்ல யோசனை தம்பி. யாருக்கும் வராது.

'சரி, போ. ஆனா நீ போட்ட துருவை நீயே எடுத்துட்டுப் போ'ன்னேன். 'இந்தக் குழல் சுத்தமான அன்னைக்கு நானே உன்னை பஸ் ஏத்தி விடுறேன். அதுவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது'ன்னேன். அவ மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு! ஏதோ நான் நகை வாங்கித் தந்த மாதிரி. துருதானே, பாத்திரத்துல துருவை எடுக்காத பொம்பளையா நான்னு கேட்டா. வாய்ப் பேச்சு வேணாம், சத்தியம் பண்ணுன்னேன். எங்க ஊர்ல முத்தாலம்மன் முன்னாடி சூடத்தை ஏத்தி, எரியிற சூடத்தைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா, அதை எந்தப் பயலும் மீற மாட்டான். மீறுனா வம்சம் விளங்காதும்பாங்க. வம்சம்னா அவளுக்கு யாரு? வயித்துப் பிள்ளைக்காரி சுகந்திதானே? அதனால அவ மீறவே மாட்டா. நேரா கூட்டிட்டுப் போனேன். உள்ளங்கையை வச்சு அழுத்தி அணைச்சா. பூசாரிகூட, எதுக்குத்தா இம்புட்டு அழுத்துற, லேசாத் தொட்டாப் போதும்னார்.

இனி சொல்றதைக் காதைக் குடுத்துக் கேளுங்க, சத்தமாச் சொல்ல முடியாது. துருங்கிறது மேலால இருந்தா போயிரும். உள்ள தின்னுருச்சுன்னா, துரு போனாலும் குழி போகாது. அம்மைத் தழும்பு மாதிரி. அம்மை எறங்கிடும், மூஞ்சியில குழி போயிருமா? ஸ்டேசன்ல இருந்து வாங்கிட்டு வந்து ஒரு தடவை மண்ணெண்ணெய் விட்டுத் தொடச்சுப் பாத்தேனே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. குழி விழுந்துருச்சு. குழிக்குள்ள கருப்பா ஒக்காந்திருக்கு. பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாக்குற ஆர்மரரே வந்தாலும் எடுக்க முடியாது, குழலையே மாத்தணும். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. எப்படி யோசனை? சிரிக்கிறீங்களா? நாற்காலி ஆடுதே.

ஆனா வேலையை முறையாத்தான் சொல்லிக் குடுத்தேன். அதுல நான் ஏமாத்தல. குழலோட முன்வாயை கார்க்கு வச்சு அடைச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வைக்கணும். காலையில அதைக் கொட்டணும், காப்பித் தண்ணி மாதிரி வரும். அப்புறம் நீளக் கம்பியில பித்தளை பிரஷ்ஷை மாட்டித் தேய்க்கணும். பின்னாடி இருந்து முன்னாடி மட்டும்தான் தள்ளணும், இங்கயும் அங்கயும் இழுத்தா வரி செத்துரும். அப்புறம் கொதிக்கிற தண்ணி ஊத்தணும், குழல் சூடாகி அதுவே காஞ்சுரும். அப்புறம் எண்ணெய்த் துணி, அதுக்கப்புறம் வெள்ளைத் துணி. பட்டாளத்துல அந்தத் துண்டுத் துணிக்கு சிந்தின்னு பேரு. நல்லாப் பழசாப்போன பருத்தித் துணியா இருக்கணும். அவ சேலையில ஒவ்வொண்ணாக் கிழிச்சா. கிழிச்சுக் கிழிச்சு இப்ப மாத்துச் சேலை ஒண்ணுதான் இருக்கு.

கை பூரா வெடிச்சுப்போச்சு அவளுக்கு. மண்ணெண்ணெய் அப்படித்தான், தோலை உரிச்சுரும். நகக்கண்ணெல்லாம் செவப்பாக் கெடக்கும். சோறு பிசைஞ்சா எரியுதுன்னு கரண்டியில சாப்பிடப் பழகிட்டா. அவ எனக்குப் போடுற சோத்துலயும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அதையும் பொறுத்துக்கிட்டேன் தம்பி. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டதில்ல.

சாயங்காலம் ஆச்சுன்னா குழலைத் தொடச்சு எடுத்துட்டு வந்து என் கையில குடுப்பா. பக்கத்துலயே நிப்பா. நான் வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன். 'இருக்கு'ம்பேன். வாங்கிட்டுப் போய் மறுபடியும் மண்ணெண்ணெய் ஊத்துவா. ஒரு நாள்கூட நான் பாக்காமச் சொன்னதில்ல, அம்புட்டு நியாயம் எங்கிட்ட உண்டு. வரவர எனக்கு உள்ள ஒரே பொகையாத்தான் தெரிஞ்சுச்சு. துருப் பொகைன்னு நினைச்சேன். கண்ணுல புரை விழுந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் போன் வந்துச்சு. போன் எப்பவும் என் சட்டைப் பையிலதான் இருக்கும், பொம்பளைக கையில எதுக்கு? சுகந்திதான் பேசினா. அப்பான்னா. ஓடிப்போனப்புறம் அன்னைக்குத்தான் அப்பாங்கிறா. 'வலி வந்துருச்சுப்பா, ஆஸ்பத்திரியில இருக்கேன், தண்ணியெல்லாம் போயிருச்சுங்கிறாங்க, எனக்குப் பயமா இருக்கு, அம்மாவை அனுப்புங்கப்பா'ன்னு. வேற தகப்பனா இருந்தா போனைத் தூக்கி எறிஞ்சிருப்பான். நான் ஸ்பீக்கர்ல போட்டு சிட்டம்மா முன்னாடி வச்சேன். கேட்டுக்க உன் மகளைன்னேன்.

துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா பாருங்க. 'பாருங்க, இப்பப் பாருங்க, நல்லாத் தேச்சிருக்கேன், பாருங்க'ன்னு மூஞ்சியில இடிக்கிறா. நான் பதறல. நிதானமா வாசலுக்கு வந்தேன். வெளிச்சத்துல புடிச்சேன். பாத்தேன். 'இருக்கு'ன்னேன். காலைப் புடிச்சுக்கிட்டா. மண்ணெண்ணெய்க் கையோட. வேட்டி பூராக் கறை. 'சுத்தம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிட்டு வந்து சாகுற வரைக்கும் தேய்க்கிறேன்'னா. எப்படிச் சொல்லுவேன் தம்பி? சாமி முன்னாடி பண்ணுன சத்தியம். இருக்கிறதை இல்லைன்னு சொன்னா அந்தப் பாவம் யாரைச் சேரும்? போன்ல அது பாட்டுக்கு அம்மா அம்மான்னு கத்திக்கிட்டே கெடக்கு. கூப்பிட்டது சுகந்தி, காசு அவ பக்கம்தான் போகும்னு நானும் கட் பண்ணல.

மறுநாள் அந்தப் பய போன் பண்ணினான். பிள்ளை செத்துப் பொறந்துச்சாம். ஆம்பளைப் பிள்ளையாம். எனக்கும் வருத்தம்தான், கல்லா நான்? ரெண்டு வாரம் கறி எடுக்கல. ஆனா ஒண்ணு கேக்குறேன், இவ போயிருந்தா மட்டும் பிள்ளை பொழச்சிருக்குமா? நீங்க ஆஸ்பத்திரி ஆளு, சொல்லுங்க. ம்? உங்களது கண்ணு ஆஸ்பத்திரி மட்டுமா? சரி விடுங்க.

அன்னையிலிருந்து இந்தத் தெருவுல ஒருத்தரும் இந்த வீட்டுப் படி ஏறல. நான் என்னமோ கொலை பண்ணின மாதிரி. டீக்கடையில நான் போய் உக்காந்தா பெஞ்சு காலியாயிரும். போறாங்க. இவளும் தேவைக்கு மேல என்கூடப் பேச்சை விட்டுட்டா. ஆனா தேய்க்கிறதை விடல. அதான் எனக்கு ஆச்சரியம். நானே சொன்னேன், 'போதும்டி, இனிமே எதுக்குத் தேய்க்கிற, பிரசவம்தான் முடிஞ்சுபோச்சே'ன்னு. திரும்பிப் பாத்தா. பிரஷ்ஷு தேஞ்சுபோச்சு, வேற வாங்கிக் குடுங்கன்னா. சில மாசத்துக்கு முன்னாடி சுகந்தி மறுபடியும் மாசமா இருக்கான்னு எவளோ வந்து தெருக்குழாயில இவகிட்டச் சொல்லியிருக்கா. அதுல இருந்து இன்னும் ஜாஸ்தியாத் தேய்க்கிறா. வெளக்குமாறு எடுக்கிறதுக்கு முன்னாடி துப்பாக்கியைத்தான் எடுக்கிறா. என் துப்பாக்கி மேல அவளுக்கும் ஒரு பாசம் வந்துருச்சுன்னு நினைக்கிறேன்.

அதுக்குள்ள என் கண்ணு கெட்டுப்போச்சு. கேணி மேட்டுல தடுக்கி விழுந்து முழங்கால் பேந்துருச்சு. சட்டைன்னு நினைச்சு அவ பாவாடையை எடுத்து மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன், தெருவே சிரிச்சுச்சு. அப்பத்தான் உங்க முகாம் வந்துச்சு. ஆள் வேணும்னீங்க. இவகிட்ட வந்து, கெளம்பு மதுரைக்கு, கண்ணு ஆஸ்பத்திரிக்குன்னேன். என்ன சொன்னா தெரியுமா? 'நான் எப்படிங்க வர்றது? சூடம் அணைச்சிருக்கேனே, துரு போகாம ஊர் எல்லையைத் தாண்ட முடியாதே'ங்கிறா. மரியாதையாத்தான் சொல்றா. அதான் எரிச்சல்.

அட போடி, சுத்தமாயிருச்சு, கெளம்புன்னேன். 'உங்களுக்குத்தான் கண்ணே தெரியலையே, நீங்க சொன்னா ஆத்தா ஒத்துக்குமா'ங்கிறா. எங்கிட்ட! நான் பாத்த குழல் எத்தனை! பூசாரியைக் கூட்டிட்டு வரச் சொல்லி அவர்கிட்டயே நியாயம் கேட்டேன். வாசல்ல நின்னேதான் பேசினார், அவரும் உள்ள வரல. 'சத்தியம் சத்தியந்தான் ஹவில்தாரே. ரெண்டு பேருக்கும் ஒட்டும் ஒறவும் இல்லாத ஆளு, நல்ல கண்ணுக்காரன், உள்ள பாத்துட்டு வாய்விட்டுச் சொல்லணும். அந்த நிமிசமே சத்தியம் தீந்துரும்'னுட்டுப் போயிட்டார். பக்கத்து வீட்டுக் கோவிந்தனைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். அவனுக்கும் எனக்கும் வேலித் தகராறு. உள்ள பாத்துட்டு, 'அய்யய்யோ, துரு அப்படியே இருக்கே'ன்னுட்டுப் போறான், சிரிச்சுக்கிட்டே. ஒரு மனுசன் கண்ணு போகுது, இதுல சிரிப்பு! இப்படியும் ஈவிரக்கம் இல்லாத ஆளுக இருக்காங்க தம்பி.

அதான் உங்களைப் புடிச்சேன். வெளியூரு, ஒறவு இல்ல, கண்ணு ஆஸ்பத்திரியே உங்க கையில. உங்களை விட நல்ல கண்ணுக்காரன் யாரு? இப்ப பாருங்க. இப்படி, கொஞ்சம் தூக்கி. தெரியுதா? குழி குழியாத் தெரியும். தெரியட்டும். அதையெல்லாம் சொல்ல வேணாம். சுத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.

ஏன் யோசிக்கிறீங்க? ஒரு பொய்யால ஒரு மனுசனுக்குக் கண்ணு கெடைக்குது. அதுல பாவம் என்ன வந்துச்சு? சொல்லுங்க தம்பி. சத்தமா. அடுப்படிக்குக் கேக்கணும்.

ஆங். அப்படித்தான். அடியே சிட்டம்மா! கேட்டுச்சா? வெளியாளு சொல்லிட்டாரு! ஆஸ்பத்திரி ஆளு! வா, வந்து கேட்டுக்க.

வந்துட்டாளா? தம்பிகிட்டத்தான் கேக்குறா, என்கிட்ட இல்ல. பதில் சொல்லுங்க. உங்க கண்ணால பாத்தீங்களான்னு கேக்குறா. பாத்தேம்மான்னு சொல்லுங்க. சாமி சத்தியமா இல்லாட்டியும் சும்மாச் சொல்லுங்க. ம். சொல்லிட்டார்டி. தீந்துச்சுல்ல உன் சத்தியம்? போ, போய்க் கையைக் கழுவிட்டு வா. அடுப்பை அணைச்சுட்டு வா.

பாத்தீங்களா தம்பி? ஒரு வார்த்தை, முடிஞ்சுபோச்சு. நீங்க நல்லா இருப்பீங்க. அவளும் கெட்டவ இல்ல. எனக்குக் கண்ணு வரணும்னுதான் இம்புட்டு நாளும் அப்படித் தேச்சிருக்கா, வாயைத் திறந்துதான் சொல்ல மாட்டா. தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. கழுவுறா. நல்லாத் தேச்சுக் கழுவுறா.

என்னது? எனக்குச் சோறு வடிச்சு வச்சிருக்கியா? சோறு எதுக்குடி, மதுரையில அவங்களே போடுவாங்கல்ல? தம்பி, அவ கையில பை இருக்கா? என் பையா? என்னுது பச்சைப் பை. அது இங்கதான் இருக்கு, என் கால்கிட்ட. அப்ப அவ கையில இருக்கிறது என்ன பை?

எங்கடி போற? சிட்டம்மா! செருப்புச் சத்தம் கேக்குது. தம்பி, அவ எந்தப் பக்கம் திரும்புறா? உங்க வண்டி எந்தப் பக்கம் நிக்குது? கோயில் பக்கமா? அப்ப அவ? பஸ்ஸுக்கா? அவ என்னமோ சொல்லிட்டுப் போறாளே, என்ன சொன்னா? சுகந்திக்கு இதுதான் பேறுகால மாசமா?

இல்ல, இல்ல. நான் சொன்னது என்கூட வர்றதுக்கு. சுத்தமானா போகலாம்னு சொன்னேன்தான். நானே பஸ் ஏத்தி விடுறேன்னு சொன்னேன்தான். அது அப்ப. அந்தப் பிரசவத்துக்கு. அது முடிஞ்சுபோச்சு. இப்ப எனக்குக் கண்ணு தம்பி, எனக்குக் கூட ஆள் வேணும். ஆள் இல்லாம நீங்க ஏத்த மாட்டீங்கல்ல?

இந்தாங்க, துப்பாக்கியைப் புடிங்க. இன்னொரு தடவை பாருங்க. நல்லாப் பாருங்க. துரு இருக்கு. குழிக்குள்ள பூராத் துருதான் தம்பி, எனக்குத் தெரியாதா, முதல் நாள்ல இருந்து இருக்கு, அது போகவே போகாது. நான் பொய் சொல்லச் சொன்னேன், தப்புதான், இப்ப உண்மையைச் சொல்லுங்க. தெருமுனைக்குப் போயிருக்க மாட்டா. துரு இருக்குன்னு கத்துங்க தம்பி. நான் கத்தினா அவ திரும்பிப் பாக்க மாட்டா.